சாம்பிள் வாரம்

1997 ஆகஸ்டில், எங்கள் கல்லூரி வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்று அளந்து அறிக்கை எழுதச் சொன்னபோது, பூமி சூடாவதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. ஒருவரைக் கொண்டுபோய் அடுப்பு முன்னால் நிறுத்த வழி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. அந்த ஒருவர் எங்கள் துணை முதல்வர். அடுப்பு, பெண்கள் விடுதி மெஸ்ஸின் கோட்டை அடுப்பு. அந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று ஏழு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். படித்ததும் அதே கல்லூரியில்தான். திருப்பூரிலிருந்து சோமனூர் போகும் வழியில், பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் தகப்பனார் நினைவாகக் கட்டிய கல்லூரி. அவர்தான் தாளாளர். என் அம்மா 1981 முதல் பெண்கள் விடுதியில் தலைமைச் சமையல்காரர். அப்பா இல்லை. கல்லூரி கேட்டுக்கு எதிரே இருந்த லைன் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். காலையில் அம்மா ஒரு கேட் வழியாக அடுப்புக்குப் போவார், நான் இன்னொரு கேட் வழியாகப் பர்னருக்குப் போவேன்.

1989 ஜூன் வரை அந்த அடுப்பில் விறகுதான் எரிந்தது. வேலிக்காத்தான், புளி, எப்போதாவது வேம்பு. அந்த ஜூனில் துணை முதல்வர் ஒரு யோசனை சொன்னார். தாளாளரின் கம்பெனியில் துணி வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளில் வெள்ளையை மில்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், கலரை மிஷின் துடைக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். யாருமே வாங்காத ஒரு வகை உண்டு. எலாஸ்டிக், நைலான் கலந்த துணி, லேபிள் ஓரம், பாலிதீன் உறை எல்லாம் ஒன்றாகக் கலந்த குப்பை. அதை டெம்போவில் ஏற்றி விடுதிக்கு அனுப்பினால் விறகே வாங்க வேண்டாம் என்றார். தாளாளர் அவரை மேடையில் வைத்துப் பாராட்டினார். அன்றைக்கு மேடையில் பூங்கொத்து கொடுத்தது நான்தான் என்பதை என் டைரியில் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த மாதிரி வாசம் வரும், சாம்பல் விரலில் பூப்போல உதிரும். நைலான் எரியாது, உருகும். உருகிச் சொட்டி, முடிச்சு முடிச்சாக இறுகும். நூலைத் தீக்குச்சியில் காட்டி இதைக் கண்டுபிடிக்கத் திருப்பூரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த அடுப்பிலிருந்து எழுந்த புகை கறுப்பு. சிலந்தி வலை அறுந்த மாதிரி கரி இழை இழையாக மிதந்து வந்து குண்டாக்களின் மேல் இறங்கும். அந்த வருடம் மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவின் இரண்டு கண்களும் எப்போதும் ஈரமாகவே இருந்தன. இருமல் வேறு.

அம்மா போய்க் கேட்டார். பழையபடி விறகு கொடுங்கள், இல்லாவிட்டால் புகைபோக்கியை உயர்த்திக் கட்டுங்கள் என்று. துணை முதல்வர் யாரையும் மரியாதை குறைவாகப் பேச மாட்டார். சமையல்காரருக்கும் ‘ங்க’ போடுவார். அந்த ‘ங்க’வைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

“ஏனுங்கம்மா, அடுப்பெரிக்கறவங்களுக்குப் பொகை ஆகலீன்னா எப்பிடீங்க? மீன் விக்கறவங்க மூக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னா ஏவாரம் ஆகுமுங்களா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வந்தார்.

அம்மா விடவில்லை. மறுபடி கேட்டார், மூன்றாவது முறையும் கேட்டார். 1990 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் (டைரியில் வியாழன் என்று இருக்கிறது, ஆனால் அன்று மெஸ்ஸில் வத்தக்குழம்பு, அது வெள்ளிக்கிழமைதான்) மெஸ்ஸில் ஒருநாளும் சாப்பிட்டிராத துணை முதல்வர் தட்டு எடுத்துக்கொண்டு மாணவிகளோடு உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு வாயிலிருந்து ஒரு கல்லை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி விரல்களில் பிடித்து, தட்டின் விளிம்பில் வைத்தார். டக்கென்று சத்தம் கேட்டதாம்.

“கண்ணுத் தெரியாதவங்க கைல அரிசியக் குடுத்தா கல்லுத்தானுங்க வரும்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அம்மாவுக்கு வேலை இல்லை.

அந்த மாணவிகளை நான் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அவர் கடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, வைத்த சத்தம்தான் கேட்டது. கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா சோறாக்கிய ஒன்பது வருடத்தில் கல் என்று யாரும் சொன்னதில்லை என்பது மட்டும் தெரியும். வேலை போனதைக்கூட அம்மா சில மாதங்களில் விட்டுவிட்டார். கல்லை விடவில்லை. வீட்டில் இரண்டு பேருக்கு அரிசி களையும்போதுகூட முறத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மங்கலான கண்ணை ஒட்ட வைத்துத் தேடுவார். கண் டாக்டர், புகையாலும் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம் என்றார். நான் அந்த இரண்டாவது பாதியை எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் உண்டு. அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வோம். பிறர் நமக்குச் செய்ததை மன்னித்துவிட்டோம் என்று ஆண்டவரிடம் சொல்கிற வரி ஒன்று வருமல்லவா, 1990க்குப் பிறகு அந்த இடம் வந்ததும் அம்மா வாயை மூடிக்கொள்வார். நான் மட்டும் சொல்வேன். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார். ஒருமுறை நான் கேட்டேன், அவருக்கு என்ன ஆனால் அம்மாவுக்கு ஆறும் என்று. சாபம் எதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஒரு நாளைக்கு அந்த அடுப்பு முன்னாடி நின்னுட்டு வரட்டும் கண்ணு. நான் நின்ன எடத்துல. அப்பறம் பேசட்டும்” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் அதே கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் பிறந்தால் சம்பளத்துக்குத் துணை முதல்வரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினேன். வணக்கம் வைத்தேன். எனக்கு அவசரம் இல்லை.

*

1997இல் வடக்கு ஐரோப்பாவில் கடைகள் வைத்திருந்த ஒரு கம்பெனி, தாளாளரிடம் குழந்தைகள் டீ-ஷர்ட் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வருடங்களில் பையர்கள், அதாவது சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், சாயத்தில் இது இருக்கக் கூடாது, அது இருக்கக் கூடாது என்று தாள் தாளாக அனுப்புவார்கள். இந்தக் கம்பெனி ஒருபடி மேலே போய், உங்கள் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர்கள் தருகிறோம், பதிலுக்கு உங்கள் வளாகம் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேற்றுகிறது என்று அளந்து ஓர் அறிக்கை கொடுங்கள், எங்கள் பத்திரிகையில் போடுகிறோம் என்றது. தாளாளருக்குக் கம்ப்யூட்டரும் வேண்டும், அடுத்த ஆர்டரும் வேண்டும். வேலையைத் துணை முதல்வரிடம் கொடுத்தார். துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணிதான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெப்பீங்களே. இதையும் எழுதிப்போடுங்க” என்றார்.

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பூமி சூடாவதைப் பற்றி நான் ஏற்கனவே படித்திருந்தேன். 1988 முதல் பத்திரிகைகளில் வந்ததை வெட்டி வைத்திருந்தேன், 92இல் பிரேசிலில் நாடுகள் கூடியபோது வந்தவையும் இருந்தன. வளாகத்தில் எதெல்லாம் எரிகிறதோ அதையெல்லாம் அளக்க வேண்டும், எவ்வளவு எரிந்தால் எவ்வளவு வாயு என்பதற்கு அவர்களே ஒரு அட்டவணை அனுப்பியிருந்தார்கள். கஷ்டம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். மின்சாரத்துக்கு மின் அட்டை இருந்தது. ஜெனரேட்டரின் டீசலுக்குத் தொட்டியில் மூங்கில் குச்சி விட்டுக் காலையும் மாலையும் ஈரம் எதுவரை என்று கீறல் போட்டேன். கல்லூரிப் பேருந்துகள் ஓடிய தூரத்தை டிரைவர்களிடம் கேட்டேன். வளாகத்தில் கால்நடை உண்டா என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. தாளாளரின் மாடுகள் மைதானத்துப் புல்லில்தான் மேய்ந்தன. மாடு ஏப்பம் விட்டாலும் கணக்காம் என்று அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப தாளாளரு விடறது?” என்று கேட்டு, வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசியாக அடுப்புக்கு வந்தேன். துணி ரோல் எடை போடும் பிளாட்பார்ம் தராசு ஒன்றைத் தாளாளரின் கம்பெனியிலிருந்தே கேட்டு வாங்கினேன். டெம்போவில் வந்த குப்பையை இறங்க இறங்க எடை போட்டேன். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஆய்வகத்தில் பருத்தி எவ்வளவு, உருகுவது எவ்வளவு என்று பிரித்தேன். நான் எடை போடுவது துணை முதல்வர் காதுக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆய்வகத்துக்கே வந்தார்.

“ஏனுங்கம்மிணி, இது நாம காசு குடுத்து வாங்கறதுங்களா?”

“இல்லீங்க சார்.”

“அப்பறம் எதுக்குங்க கணக்குல?”

“காசு குடுத்தாலும் குடுக்காட்டியும், எரிஞ்சா பொகைதானுங்களே சார்.”

அவர் சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி பெயரில் அவருக்கு ஒரு தையல் யூனிட் இருந்தது. மதியத்துக்கு மேல் அவரைக் கல்லூரியில் தேடுவதைவிட அங்கே தேடுவது சுலபம். அவருடைய யோசனையெல்லாம் அந்த யூனிட்டில் பிறப்பதுதான்.

“பையருக்கு மொதல்ல என்னத்தக் குடுப்போம்? சாம்பிள். ஒரு வாரம் நல்லா ஓட்டுவோம். அந்த வாரத்த மட்டும் அளங்க. அதை அம்பத்திரண்டால பெருக்குங்க. முடிஞ்சுது சோலி” என்றார்.

திருப்பூரைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எந்த ஆர்டருக்கும் முன்னால் ஒரு சாம்பிள் தைப்பார்கள். நல்ல துணி, கை சுத்தமான டெய்லர், நூல் பிசிறு இல்லாமல் ஒரே ஒரு பீஸ். பையர் அதைப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து மூடி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் தைப்பதுதான் பல்க். பல்க் சாம்பிளோடு பொருந்த வேண்டும் என்பது சட்டம். பொருந்தாது என்பது வழக்கம். இரண்டுக்கும் நடுவில்தான், பையருக்காக இங்கே சரக்கைச் சோதிக்கிற பையிங் ஆபீஸ் இன்ஸ்பெக்டர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

துணை முதல்வர் இதில் பாதியைத்தான் நினைவில் வைத்திருந்தார். சாம்பிளை நினைத்தார், அதற்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் வருவார் என்பதை மறந்தார். தைத்துக் கொடுத்தே பழகியவர், கல்லூரியில் யார் வந்து பல்க்கைப் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார். நான் எதிர்த்துப் பேசியிருந்தால் வேறு யாரையாவது போட்டு முடித்திருப்பார். “சரீங்க சார்” என்றேன். அவர் போனபின் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தனியாகச் சிரித்தேன்.

*

செப்டம்பரில் சாம்பிள் வாரம் நடந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமையே சமையல்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து கேஸ் அடுப்புகள் வாடகைக்கு வந்தன. சோறாக்க மட்டும் கோட்டை அடுப்பு, அதற்கு நன்றாகக் காய்ந்த புளிய விறகு. குப்பை மூட்டைகளைப் பூப்பந்து மைதானத்துக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சமையல்கூடத்துப் பெண்கள் அந்த வாரம் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். கண்ணில் தண்ணீர் வராமல் சோறாக்கி எத்தனை வருடம் ஆயிற்று என்றார்கள். அந்தப் புளிய விறகை நான் சில்லு சில்லாக வெட்டி ஓவனில் காயவைத்து, ஈரம் எவ்வளவு என்றுகூடக் கணக்குப் போட்டேன். பொய்யான வாரத்தை நான் அளந்ததுபோல யாரும் உண்மையான வாரத்தை அளந்திருக்க மாட்டார்கள்.

தராசை எங்கே வைப்பது என்பதை நான்தான் முடிவு செய்தேன். அளக்காத விறகு எதுவும் இடையில் அடுப்புக்குள் போய்விடக் கூடாது, அதனால் தராசு அடுப்பின் வாய்க்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அது நியாயமான காரணம். அடுப்பின் மேற்குப் பக்கம், ஜன்னலுக்கும் குண்டாவுக்கும் நடுவில் தராசு. அதை மேற்பார்க்கிறவர் நிற்கும் இடத்தைத் தரையில் சிவப்பு பெயிண்டால் வட்டமாகக் குறித்தேன். காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் புகை வந்து திரும்புகிற மூலை அது. அம்மா ஒன்பது வருடம் கரண்டி பிடித்து நின்ற இடம்.

அந்த வாரம் புகை இல்லை. ஆகவே துணை முதல்வர் அந்த வட்டத்துக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு மிகவும் அழகாக நின்றார். ஸ்டுடியோக்காரரை அழைத்து போட்டோ எடுக்கச் சொன்னதும் அவர்தான். தராசு, அடுப்பு, பக்கத்தில் அவர். ஐரோப்பியப் பத்திரிகையில் அது வரும் என்று நம்பினார். அறிக்கையின் முதல் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

“‘துணை முதல்வரின் நேரடிப் பார்வையில் அளக்கப்பட்டது’ன்னு போடுங்க. பெருசாப் போடுங்க.”

பெரிதாகப் போட்டேன். பின்பக்கத்தில் அளவு எடுத்த முறையை விவரமாக எழுதினேன். மறுமுறை அளந்தாலும் இதே இடத்தில், இதே முறையில், இதே மேற்பார்வையில் அளக்க வேண்டும், அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். அதுவும் சரியான அறிவியல்தான். எங்கேயும் நான் பொய் எழுதவில்லை. அளந்தது ஒரு வாரம் என்று எழுதினேன், எந்த வாரம் என்றும் எழுதினேன். அவர் முதல் பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பின்பக்கத்தைத் திருப்பவில்லை.

*

தீபாவளிக்கு முன்பு பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் அறிக்கையை வாங்க வந்தார். தாராபுரம் ரோட்டுக்காரர், முஸ்லிம், முப்பது வயதுக்குள் இருக்கும். திருப்பூரில் தைத்த பீஸை எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தே விரல் நுனிகள் தேய்ந்துபோனவர். வாயு, பூமி எல்லாம் தனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். துணை முதல்வர் காபி வாங்கிக்கொடுத்துவிட்டு யூனிட்டுக்குக் கிளம்பிப்போனார். வந்தவர் என் மேசை முன்னால் உட்கார்ந்து அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“எல்லாம் சரியா இருக்குதுக்கா. நான் ஓகேன்னு அனுப்பீரலாமுங்களா?” என்று கேட்டார்.

ஏழு வருடம் நான் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்காக. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

“அது சாம்பிளுங்க தம்பி. பல்க் பாக்க எப்ப வர்றீங்க?”

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார், அதில் புதுச் சுண்ணாம்பின் வெள்ளையைப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பி நான் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இன்லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாங்க சொல்லிக்கிட்டு வர்ற பழக்கம் இல்லீங்கக்கா” என்றார். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து பார்க்கிற சோதனைக்கு அதுதான் பெயர்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை வந்தார். அன்றைக்கு மெஸ்ஸில் பொங்கல். கேஸ் அடுப்புகள் கான்ட்ராக்டரிடம் திரும்பி வெகு நாளாகியிருந்தது. கோட்டை அடுப்பில் குப்பை ஏற்றிப் பற்றவைத்திருந்தார்கள். தாளாளருக்கு போன் போயிற்று, அவர் காரில் வந்து இறங்கினார். அவருடைய கம்பெனிக் குப்பைதான் எரிகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பையிங் ஆபீஸ்காரர் முன்னால் அவர் முகம் முதல்முறை கேள்விப்படுவதுபோல் இருந்தது.

“நீங்கதானே அளந்தீங்க சார்? அளந்து காட்டுங்க” என்று துணை முதல்வரிடம் சொன்னார்.

“லேப்ல அம்மிணி இருக்கறாங்க, அவங்க...”

“நேரடிப் பார்வைன்னு உங்க பேருதானுங்களே போட்டிருக்குது” என்றார் பையிங் ஆபீஸ்காரர்.

நான் தராசை அதன் இடத்தில் வைத்தேன். வெள்ளையடித்த சுவர் அதற்குள் மறுபடி கறுத்திருந்தது, சிவப்பு வட்டம் மட்டும் அழியாமல் இருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எதிர் வீட்டில் அம்மாவை வரச்சொல் என்று மெதுவாகச் சொன்னேன்.

துணை முதல்வர் வட்டத்துக்குள் நின்றார். பெண்கள் குப்பையைக் கூடையில் எடுத்துத் தராசில் வைப்பார்கள், அவர் குனிந்து முள்ளைப் படிக்க வேண்டும், நான் எழுத வேண்டும், பிறகு அடுப்புக்குள் போகும். மூன்றாவது கூடையில் எலாஸ்டிக் அதிகம். புகை எழும்பி, ஜன்னலில் முட்டி, வழக்கம்போல அந்த மூலைக்கே திரும்பியது. அவர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். முள் தெரியவில்லை என்றார். பையிங் ஆபீஸ்காரர் காத்திருப்பதாகச் சொன்னார். துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அம்மாவுக்குப் பிறகு தலைமைச் சமையலுக்கு வந்திருந்தவர் மனது கேட்காமல், “சார், சித்த இக்கட்டால தள்ளி நிக்கறீங்களா? காத்து உங்க பக்கமே அடிக்குது” என்றார்.

“போட்டோவுல அங்கதானுங்க நிக்கறாரு” என்றார் பையிங் ஆபீஸ்காரர். பற்றவைத்ததிலிருந்து அணைக்கும்வரை முழுச் சமையலையும் அளந்தால்தான் கணக்கு என்றும் சொன்னார். அதையும் நான் எழுதியிருந்தேன். தாளாளர் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை.

பொங்கல் முடிந்து சோற்றுக்கு உலை வைத்தார்கள். துணை முதல்வரின் வெள்ளைச் சட்டையில் கரி இழைகள் விழுந்து, துடைக்கத் துடைக்க இழுவிக்கொண்டு போயின. கண்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. அவர் இருமிய ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்து எண்ணை எழுதினேன். மெதுவாக எழுதினேன். எட்டையும் ஒன்பதையும் இவ்வளவு அழகாக என் வாழ்க்கையில் நான் எழுதியதில்லை. பரிதாபம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை. இப்போதும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மா வந்து வாசற்படியில் நின்றார். ஏழு வருடம் கழித்து அந்தப் படியை மிதிக்கிறார். உள்ளே இருப்பது யார் என்று முதலில் தெரியவில்லை, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். துணை முதல்வரும் நிமிர்ந்து, கண்ணைக் கசக்கி, அடையாளம் கண்டுகொண்டார்.

“ஏனுங்க... நீங்க எங்கீங்க இங்க?” என்று கேட்டார்.

“சோத்துல கல்லுக் கெடந்தாப் பொறுக்கிக் குடுக்கலாம்னு வந்தனுங்க” என்றார் அம்மா.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. குனிந்து, தராசைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் இருமினார். முள் ஆடியது. அது நிற்கும்வரை நான் காத்திருந்து எடையை எழுதினேன்.

*

அந்தப் புதன்கிழமை அளவையும் சாம்பிள் வார அளவையும் பையிங் ஆபீஸ்காரர் பக்கத்துப் பக்கத்தில் போடச் சொன்னார். போட்டேன். அறிக்கை ஐரோப்பா போவதற்கு முன்பு துணை முதல்வர் ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. அம்மிணிதான் கஷ்டப்பட்டது, அம்மிணி பெயரையே போட்டுவிடலாமே என்றார். நீங்கள் சொல்லித்தானே சார் பெரிதாகப் போட்டேன், இப்போது எடுத்தால் அவர்கள் காரணம் கேட்பார்கள் என்றேன். ‘ங்க’ சேர்த்துத்தான் சொன்னேன்.

பையர் ஆர்டரை நிறுத்தவில்லை. ஆனால் பல்க் சாம்பிளுக்குப் பொருந்தும்வரை கம்ப்யூட்டர் வராது என்று எழுதினார்கள். தாளாளர் அதிகம் யோசிக்கவில்லை. 1998 பொங்கலுக்குள் டெம்போ நின்றது, கேஸ் வந்தது, கோட்டை அடுப்புக்குக் கூரைக்கு மேலே உயர்ந்த புகைபோக்கி வந்தது. அம்மா கேட்டபோது கிடைக்காத அதே புகைபோக்கி. மாதம் ஒருமுறை அளந்து அனுப்ப வேண்டும் என்றும், பெயர் போட்டவரே அளக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. 1999 மே மாதம் ஓய்வு பெறும்வரை துணை முதல்வர் மாதாமாதம் அந்தச் சிவப்பு வட்டத்தில் வந்து நின்றார்.

என் ஆத்திரம் எல்லாம் இதில்தான். புகை இல்லாத சமையல்கூடத்தில், நீலத் தீக்குப் பக்கத்தில், சுத்தமான சட்டையோடு வந்து நிற்பார். சிலிண்டரை எடை பார்ப்பார். ஒரு மாதம் அவருக்குக் கிண்ணத்தில் கேசரிகூடக் கொடுத்தார்கள். தின்றார். அவரை அடுப்பு முன்னால் நிறுத்த நான் செய்த வேலையே அடுப்பைச் சுத்தம் செய்துவிட்டது. அம்மாவுக்கு எட்டு மாதப் புகை, அவருக்கு ஒரே ஒரு முற்பகல். இது எனக்கு ஆகிற கணக்கு இல்லை. அந்தப் பெண்களுக்கு நல்லதுதானே நடந்தது என்று சபையில் ஒருவர் என்னிடம் சொன்னார். நடந்தது. நான் அதற்காகச் செய்யவில்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலத்தை இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். விளக்கு வைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். என் சேலையில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது. வழக்கமாக அம்மா நிறுத்துகிற வரி வந்தது. அம்மா நிறுத்தவில்லை. தடுமாறாமல், ஒரு கடமையை முடிக்கிற மாதிரி, கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். ஒரு நாளைக்கு நிற்கட்டும் என்று அம்மா கேட்டார், துணை முதல்வர் நின்றுவிட்டார், அம்மாவுக்கு அவ்வளவுதான்.

பாதியில்தான் அவருக்குத் தன் குரல் மட்டும் கேட்பது தெரிந்திருக்கிறது. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?”

“பொகைம்மா” என்றேன்.

அடுத்த நாள் சாயங்காலமும் அதே இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா இப்போது இல்லை. அந்த வரியைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.